மினுக்கும் இன்ஜின் விளக்கும் நமத்துப்போன வெடியும்

டேஷ்போர்டில் இருக்கும் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு இரண்டு விதமாகப் பேசும். விடாமல் எரிந்தால், "ஒரு பழுது பதிவாகியிருக்கு, சீக்கிரம் காட்டு" என்று அர்த்தம். விட்டுவிட்டு மினுக்கினால், "பழுது இந்த நிமிஷம் நடந்துக்கிட்டு இருக்கு, காலை எடு" என்று அர்த்தம். எங்கள் விருதுநகர் பக்கம் நான் கேட்டுப் பார்த்தவரை பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்: "அது அப்படித்தான் எரியும், சர்வீஸ்ல பாத்துக்கலாம்." இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன நடக்கிறது என்று தேடிப் படித்ததன் குறிப்புகள் இவை. பெட்ரோல் கார்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மிஸ்ஃபயர் என்றால் என்ன?

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வெடி வெடிக்க மூன்று வேண்டும்: எரியும் பொருள், அது எரிய ஆக்ஸிஜன், பற்றவைக்க ஒரு பொறி. வெடியில் ஆக்ஸிஜனை வெடியுப்பு மாதிரியான ரசாயனம் தருகிறது. இன்ஜினில் அதை வெளிக்காற்று தருகிறது. மற்றபடி கணக்கு ஒன்றுதான். கூடவே இன்ஜினில் நான்காவதாக ஒன்று வேண்டும்: பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை நன்றாக அழுத்த வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் அந்த சிலிண்டர் நமத்துப்போன வெடி மாதிரி சும்மா இருந்துவிடும். அதுதான் மிஸ்ஃபயர்.

நமத்துப்போன வெடியைக் கையில் எடுக்காதே என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருப்பார்கள். எரியாத மருந்து எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது. இன்ஜினிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எரியாத பெட்ரோல் எங்கே போகிறது?

எரியாதது எங்கே போய் எரிகிறது?

நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிய வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 1500 தடவை, நொடிக்கு 25 தடவை. ஒரு சிலிண்டர் முழுதாகச் செத்துப்போனால், நொடிக்கு 25 தடவை பச்சைப் பெட்ரோலும் அதற்கான முழுக் காற்றும் சேர்ந்தே சைலன்சர் குழாய்க்குள் தள்ளப்படுகின்றன. எரிபொருளும் ஆக்ஸிஜனும் ஜோடியாகப் போகின்றன என்பதைக் கவனியுங்கள். மிச்சம் வேண்டியது சூடு மட்டும்தான்.

அந்தச் சூடு கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் தயாராக இருக்கிறது. உள்ளே தேன்கூடு போல நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டை; அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. வழக்கமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பச்சைப் பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் 1000 டிகிரியைத் தாண்டும். முதலில் உலோகப் பூச்சின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வேலை செய்யும் பரப்பு குறையும். அதற்கும் மேலே சூடேறினால் பீங்கானே உருகி, புகை போகும் வழி அடைபடும். பிறகு வண்டி இழுக்காது. சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை அதைப்போலப் பல மடங்கு செலவில் போய் நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எரியாத சிலிண்டரிலிருந்து வரும் மிச்ச ஆக்ஸிஜனைப் பார்த்து, சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் "பெட்ரோல் போதவில்லை" என்று நினைத்துக்கொள்ளலாம். அதை நம்பிக் கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றும். இதைத் தவிர்க்கத்தான் சில புதிய கார்களில் செத்த சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கம்ப்யூட்டரே நிறுத்திவிடுகிறது.

கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது?

சாஃப்ட்வேர்காரனான எனக்குப் பிடித்த பகுதி இது. சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்கத் தனிக் கண் எதுவும் பொதுவாகக் கிடையாது. கிராங்க் ஷாஃப்டில் பல் வைத்த ஒரு சக்கரம் இருக்கும். 60 பல்லுக்கான இடத்தில் 2 பல்லை எடுத்துவிட்டு 58 வைப்பது பரவலான அமைப்பு. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மட்டும் கம்ப்யூட்டர் அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால் அந்த 180 டிகிரிக்குள் கிராங்க் துளி வேகம் குறையும். எந்த இடத்தில் குறைந்தது என்பதை வைத்து எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடும். குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரத்தின் குலுக்கல் கிராங்க் வரை வந்து மிஸ்ஃபயர் மாதிரியே தெரியும் என்பதால், சில கார்கள் ஏபிஎஸ் சென்சாரையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கின்றன.

கலிஃபோர்னியாவின் ஓபிடி 2 விதிகளில் இதற்கு இரண்டு தனிக் கணக்குகள் உண்டு. புகை அளவு கெடுகிறதா என்று 1000 சுற்றுக்கு ஒருமுறை ஒரு கணக்கு. கன்வர்ட்டர் கெடும் அளவுக்கு மிஸ்ஃபயர் இருக்கிறதா என்று 200 சுற்றுக்கு ஒருமுறை இன்னொரு கணக்கு. 2400 ஆர்பிஎம்மில் 200 சுற்று என்பது வெறும் 5 நொடி. இந்த இரண்டாவது கணக்கு எல்லை தாண்டும்போதுதான் விளக்கு மினுக்குகிறது. அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்து எல்லாக் கார்களிலும் ஓபிடி 2 கட்டாயம். இந்தியாவில் 2013 ஏப்ரலில் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் இன்னும் இறுகியது.

மிஸ்ஃபயர் குறைந்ததும் மினுக்கல் நின்று விளக்கு நிலையாக எரியும், சில சமயம் அணைந்தும் போகும். "சரியாயிருச்சு" என்று பலரும் ஏமாறும் இடம் இதுதான். மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மினுக்கும்.

ஆமத்தூர் ரோட்டில் ஒரு போன்

தீபாவளிக்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் சிவகாசி வந்து டிக்கி நிறையப் பட்டாசு வாங்கிப் போவது வழக்கம். ரயிலில் பட்டாசு கொண்டுபோகக் கூடாது என்பதால் கார்தான் வழி. மதுரையில் இருக்கும் என் மைத்துனனும் அப்படித்தான் வந்திருந்தான். திருத்தங்கல் தாண்டி ஆமத்தூர் பக்கத்தில் இருந்து போன் வந்தது.

"அத்தான், இன்ஜின் லைட்டு மினுக்குது. வண்டி வேற உதறுது. மதுரை வரைக்கும் ஓட்டிரலாமா?"

"ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடு மாப்ள. இப்பவும் மினுக்குதா?"

"இல்ல, நின்னு எரியுது."

"மெதுவா ஓரங்கட்டு. காஞ்ச புல்லு மேல மட்டும் நிறுத்தாத. வெறுந்தரையாப் பாத்து நிறுத்தி இன்ஜினை அமத்து."

புல் விஷயத்தை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கொதிக்கும் கன்வர்ட்டருக்குக் கீழே சருகு இருந்தால் தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. கரிசல் காட்டு ரோட்டோரம் முழுக்கச் சருகுதான். டிக்கியில் இருப்பதோ பட்டாசு.

நான் புளூடூத் ஓபிடி ரீடரை எடுத்துக்கொண்டு போனேன். இஎல்எம் 327 வகை, ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். "03" என்று அனுப்பினால் பதிவான கோடுகள் வரும். வந்த பதில்: 43 01 03 03. பிரித்துப் படித்தால்: கோடு ஒன்று, அது பி0303. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். பி0301 முதல் பி0304 வரை அந்தந்த சிலிண்டர். பி0300 என்றால் ஒரே சிலிண்டராக இல்லாமல் மாறி மாறி வருகிறது என்று பொருள்.

இன்ஜின் ஆறியதும், சாவியை எடுத்துவிட்டு, மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை இரண்டாவதில் மாட்டினேன், இரண்டாவதை மூன்றாவதில். கோடைக் குறித்துக்கொண்டு அழித்துவிட்டு, ஒரு நிமிஷம் மட்டும் இன்ஜினை ஓடவிட்டோம். இப்போது பி0302. காயில் போன இடத்துக்குக் கோடும் கூடவே போனது. ஆக, கெட்டது காயில்தான். டவுனில் இருந்து புதிய காயில் ஒன்று வாங்கி மாட்டியதோடு உதறல் நின்றது.

வரிசையாகப் பார்க்க

காயிலை மாற்றியும் கோடு அதே சிலிண்டரில் நின்றால் அடுத்து ஸ்பார்க் பிளக்கை அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். அப்புறம் வயர், எங்கள் பக்கம் எலி கடித்த வயர் சகஜம். அதன்பிறகு இன்ஜெக்டர். கடைசியாக கம்ப்ரஷன் டெஸ்ட், இது மெக்கானிக் வேலை.

எப்போது உதறுகிறது என்பதும் துப்புதான். ஓவர்டேக் பண்ணும்போது, மேட்டில் ஏறும்போது மட்டும் என்றால் காயில், பிளக் மேல் சந்தேகப்படலாம். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயில் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஐடிலில் உதறி, வேகத்தில் சரியாகிறது என்றால் எங்கோ காற்று கசிகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் போட்ட கையோடு ஆரம்பித்து பி0300 வந்தால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

செய்யக்கூடாதவை மூன்று:

1. அம்பாசடர், பத்மினி காலத்தில் ஓடும் இன்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். அப்போது கன்வர்ட்டர் கிடையாது. இப்போது அதைச் செய்தால் நாமே மிஸ்ஃபயர் உண்டாக்கிக் கன்வர்ட்டருக்குள் பெட்ரோல் ஊற்றுகிறோம். ஷாக் அடிக்கும் ஆபத்து தனி.

2. "கன்வர்ட்டரைக் கழட்டிருவோம்ணே, வண்டி நல்லா இழுக்கும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டப்படி தப்பு, கெட்ட காயிலும் அப்படியேதான் இருக்கும்.

3. விளக்கு அணையட்டும் என்று பேட்டரி வயரைக் கழட்டாதீர்கள். பழுது வந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, சூடு என்ன, லோடு என்ன என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவு எடுத்து வைத்திருக்கும். லாக் ஃபைலை அழித்துவிட்டு பக் தேடுகிற மாதிரிதான் அது. முதலில் கோடைப் படியுங்கள், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், அப்புறம் மெக்கானிக்கிடம் போங்கள்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சில பைக்குகளில் மினுக்கலின் எண்ணிக்கையே பழுதின் எண். அங்கே இந்தக் கார் விதி பொருந்தாது, வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.