டேவ்ரோஸின் ஆய்வகமும் நம் ஊர்களின் ‘இரத்தத் தூய்மை’யும்

அன்னூர் வட்டாரத்தில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு நாம் செல்லும்போது ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: “ஒவ்வொரு சாதிக்கும் ரத்தம் வேற வேறதானுங்களே?” கேட்பவர்களில் பலர் கொடியவர்கள் அல்லர், அதை அறிவியல் உண்மை என்று நம்பியே கேட்கிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு தொலைக்காட்சித் தொடர் காட்டியிருக்கிறது.

பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடர் 1963இல் தொடங்கியது. அதில் வரும் டாலெக்குகள், உலோகக் கூட்டுக்குள் வாழ்ந்துகொண்டு, தம் இனமல்லாத அனைத்தையும் அழிக்கத் துடிப்பவை. நாஜிகளை மனத்தில் கொண்டே எழுத்தாளர் டெர்ரி நேஷன் அவற்றை உருவாக்கினார். கதைக்குள் அவற்றைப் படைத்த விஞ்ஞானி டேவ்ரோஸ், 1975 மார்ச்சில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ஆறு பகுதிக் கதையில் முதன்முறையாகத் தோன்றினான்.

ஸ்காரோ என்னும் கோளில் கேலெட், தால் என்னும் இரு இனங்கள் ஆயிரம் ஆண்டுகளாகப் போரிடுகின்றன. போரின் நச்சால் உடல் திரிந்தவர்கள், இனத்தூய்மையைக் காக்கும் பெயரில் நகருக்கு வெளியே பாழ்நிலத்திற்குத் துரத்தப்படுகிறார்கள். அவர்களுக்கு ‘மியூட்டோ’ என்று பெயர். ஊர் வேறு, காலனி வேறு என்று வாழும் நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

கேலெட் இனத்தவனான டேவ்ரோஸ், இரக்கத்தைப் பலவீனம் என்று கருதித் தன் படைப்புகளிலிருந்து அதை நீக்குகிறான். அவனுடைய ஆய்வைத் தன் அரசே நிறுத்த முற்பட்டபோது, கேலெட் நகரின் பாதுகாப்புக் கவசத்தைத் தகர்க்கும் வழியைப் பகைவருக்கே சொல்லிக்கொடுக்கிறான். நகரம் அழிகிறது. இறுதியில் டாலெக்குகள் அவனையும் சுடுகின்றன. இனத்தைக் காக்கப் புறப்பட்ட கொள்கை முதலில் தன் இனத்தையே பலிகொள்கிறது.

இது கற்பனை. ஆனால் பிறப்பால் வரும் உயர்வு தாழ்வுக்கு அறிவியல் முத்திரை குத்தும் முயற்சி நம் மண்ணிலும் நடந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்திற்கும் சாதியின் படிநிலைக்கும் தொடர்புண்டு என்று வாதிட்டார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவரது ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன.

அண்ணல் அம்பேத்கர் இந்த வாதத்தை அதன் அளவுகோலைக் கொண்டே முறியடித்தார். தீண்டப்படாதோரின் தோற்றம் குறித்து 1948இல் வெளியான நூலில், மூக்களவுப் புள்ளிவிவரங்களையே எடுத்துக்காட்டி, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவர் என்றே அவை மெய்ப்பிக்கின்றன என்றார். 1936இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலிலும், சாதி இனமேம்பாட்டுக்கு உதவுகிறது என்ற வாதத்தை அவர் மறுத்திருந்தார்.

பிந்தைய மரபணுவியலும் இதையே உறுதிசெய்தது. ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய அறிவியலாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்திய மக்கள் பரவலாகக் கலந்தனர். அகமணம் இறுகியது அதன் பிறகே. ஆகவே, கேள்வி கேட்ட நண்பருக்கு நம் விடை இதுதான்: கலப்பில்லாத சாதி என ஒன்று இல்லை. பூட்டப்பட்ட கதவு மட்டுமே இருக்கிறது.

அந்தக் கதவைக் காக்கவே கொலைகள் நடக்கின்றன. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரை மணந்த, இடைநிலைச் சாதியில் பிறந்த கௌசல்யாவும் வெட்டப்பட்டு, உயிர் தப்பினார். ‘தூய்மை’ காக்க ஓங்கப்பட்ட அரிவாள், ‘சொந்த இரத்தம்’ எனப்பட்ட பெண்ணையும் விடவில்லை.

சட்டத்தின் இடைவெளி இங்குதான் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் வலுப்பெற்றது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சமூகத்தவர் என அறிந்து குற்றம் செய்யப்பட்டிருந்தாலே இப்போது போதும். சாதியே காரணம் என மெய்ப்பிக்கத் தேவையில்லை. ஆனால் காதலித்ததற்காகத் தன் குடும்பத்தாராலேயே கொல்லப்படும் ஆதிக்கச் சாதிப் பெண்ணுக்கு அச்சட்டம் பொருந்தாது. குற்றவாளியும் பட்டியல் சமூகத்தவராக இருந்தாலும் பொருந்தாது. அவ்வழக்குகள் சாதாரணக் கொலைகளாகவே பதிவாகின்றன. கொலைக்குப் பின்னுள்ள கொள்கை குற்றப்பத்திரிகையில் மறைந்துபோகிறது.

உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாஹினி வழக்கில், வயதுவந்த இருவர் மணம்புரிய குடும்பத்தின் ஒப்புதலோ சமூகத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்றது. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்களும் அமைப்பது குறித்து வழிகாட்டியது. தனிச்சட்டத்தின் தேவையையும் சுட்டியது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு முதலமைச்சர், தனிச்சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார்.

எந்த வடிவில் சட்டம் வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. கொல்லப்பட்டவர் எச்சாதியாயினும் ஆணவக் கொலை தனிக் குற்றமாக வரையறுக்கப்பட வேண்டும். வெட்டியவர் மட்டுமன்றி, தூண்டியவரும் கூடிப் பேசி முடிவெடுத்தவரும் அதில் அடங்க வேண்டும். அடைக்கலம் கேட்டு வரும் இணையரை, ‘பெற்றோருடன் பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்று திருப்பி அனுப்பும் காவல் அலுவலரும் பொறுப்பேற்க வேண்டும்.

டேவ்ரோஸ் தன் ஆய்வகத்தில் தனியாக எதையும் சாதித்துவிடவில்லை. அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய அதிகாரிகள் அவனைச் சுற்றி நின்றார்கள். நம் சட்டம் அவர்களையும் எட்ட வேண்டும்.