மகாராஜா வாங்கிய படங்கள்

கோட்டையும் கிங்ஸ் சர்க்கிளும் – 14

மாட்டுங்காவில் காலை லோக்கலைப் பிடித்துக் கோட்டைப் பகுதி ஆபீஸ்களுக்கு ஓடிய ஸ்டெனோகிராபர்களையும் அக்கவுன்ட்ஸ் குமாஸ்தாக்களையும் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். 1980களில் நான் வேலை பார்த்த கம்பெனியில் எம்.டி. அறைக்கு வெளியே ஒரு பெரிய ஆயில் பெயின்டிங் தொங்கியது. நாலு படகு, நிறையக் கறுப்பு, மூலையில் புரியாத ஒரு கையெழுத்து. லெட்ஜரில் அது ‘ஃபர்னிச்சர் அண்டு ஃபிட்டிங்ஸ்’ தலைப்பில் இருந்தது. நாற்காலி, மின்விசிறியோடு சேர்த்து அதற்கும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதினேன். என் கணக்குப்படி அந்தப் படகுகள் மெல்ல மூழ்கிக்கொண்டிருந்தன.

அந்தப் படத்தை ஆபீஸில் ஒருவர்தான் பார்த்தார். தாராவியிலிருந்து வரும் பியூன், திருநெல்வேலிக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. தினமும் துடைப்பார். “இதை எதுக்கு அண்ணாச்சி வாங்கி மாட்டியிருக்காங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “நமக்கு என்ன சார் தெரியும்? வர்றவன் உக்காந்து பாக்கதுக்கு ஏதாச்சும் வேணும்லா” என்றார். பிற்பாடு இந்த விஷயத்தைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன். அண்ணாச்சி சொன்னதை யாரும் பெரிதாகத் தாண்டிவிடவில்லை.

பம்பாயில் வருகிறவர்கள் பார்ப்பதற்கென்றே படம் வாங்கிய பெரிய கம்பெனி ஏர் இந்தியா. 1953-ல் விமான கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டபோதும் ஜே.ஆர்.டி. டாடாவே அதன் தலைவராக நீடித்தார். 1956-ல் ஏர் இந்தியா ஓர் இளம் ஓவியரிடம் ஆறு படங்கள் வாங்கியது. பெயர் பி. பிரபா. நாக்பூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண், ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தவர், பின்னாளில் மீனவப் பெண்களை நெடுநெடுவென்று வரைந்து பெயர் வாங்கியவர். விலை ஒரு படத்துக்கு 87 ரூபாய் எட்டணா. அப்போது நயா பைசா வரவில்லை. ஆறுக்கும் சேர்த்து 525 ரூபாய். கம்பெனிகள் கலை சேர்ப்பதற்கு உதாரணமாக எல்லோரும் நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கியைச் சொல்வார்கள். டேவிட் ராக்ஃபெல்லர் அங்கே தொடங்கியது 1959-ல். பம்பாய் மூன்று வருஷம் முந்தி.

இது கலைத் தாகம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து விமான வியாபாரத்தைக் கொஞ்சம் பார்த்தால் காரணம் புரியும். பெரிய கம்பெனிகள் பலவும் அதே போயிங் 707-ஐத்தான் ஓட்டின. டிக்கெட் விலையை ‘அயாட்டா’ என்ற சர்வதேசச் சங்கம் கூடி நிர்ணயிக்கும். ஒருவன் குறைத்து விற்க முடியாது. எக்கானமி வகுப்பில் சாண்ட்விச் என்றால் எதுவரை சாண்ட்விச் என்று 1958-ல் ஒரு பெரிய சண்டையே நடந்தது. விமானமும் ஒன்று, விலையும் ஒன்று என்றால், லண்டனில் தெருவோடு போகிறவன் பான் ஆம் ஆபீஸுக்குள் நுழையாமல் ஏர் இந்தியா ஆபீஸுக்குள் ஏன் நுழைய வேண்டும்? கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிற சேலை, சிற்பம், ஓவியம், கம்பெனிச் சின்னமாகத் தலைப்பாகையோடு குனிந்து நிற்கும் மகாராஜா பொம்மை. இவைதான் சரக்கு. வெளிநாட்டு புக்கிங் ஆபீஸ்களின் சுவர்களுக்காகத்தான் ஹுசைனும் ஆராவும் கெய்தொண்டேயும் வாங்கப்பட்டார்கள். என் முன்னாள் தொழில்பாஷையில் சொன்னால் இது ஃபர்னிச்சர் அல்ல, விளம்பரச் செலவு.

செலவும் சாமர்த்தியமாகவே நடந்தது. பல ஓவியர்களுக்குப் பணத்துக்குப் பதில் விமான டிக்கெட். காலியாகப் பறக்கப்போகிற சீட்டுக்குக் கம்பெனிக்கு அடக்கவிலை அதிகமில்லை. ஓவியனுக்கோ அது பாரிஸ். இரண்டு பேருமே தான்தான் ஜெயித்ததாக நினைத்திருப்பார்கள்.

1967-ல் ஓவியர் சால்வதோர் தாலியிடம் போய் ஒரு சாம்பல் கிண்ணம் வடிவமைத்துத் தரக் கேட்டார்கள். முக்கியப் பயணிகளுக்குப் பரிசாகத் தர. பீங்கானில் சுமார் 500 கிண்ணங்கள். அன்னத்தைத் தலைகீழாகத் திருப்பினால் யானை, யானையைத் திருப்பினால் அன்னம். கூலி என்ன வேண்டும் என்றதற்கு மனிதர் யானைக்குட்டி கேட்டார். பெங்களூரிலிருந்து ஒரு குட்டி நிஜமாகவே ஸ்பெயினில் அவர் ஊரான கதாகேஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதினார்களோ, அந்த அக்கவுன்டன்ட்டை நினைத்து நான் பலமுறை இரக்கப்பட்டிருக்கிறேன்.

தலைப்புக் குழப்பமே இல்லாமல் வாங்கியவர் ஒருவர் உண்டு, அவர் வியாபாரி இல்லை. செம்பூரிலிருந்து டிராம்பே பக்கம் பஸ் ஏறிய அணுசக்தி ஊழியர்களுக்கு அவர் பெயர் தெரியும்: ஹோமி பாபா. கொலாபாவில் டாடா ஆராய்ச்சி நிலையக் கட்டடம் எழும்பியபோது, கட்டடச் செலவில் ஒரு சதவீதம் கலைக்கு என்று நேருவிடம் அனுமதி வாங்கிவிட்டார். அங்கே முகப்புக் கூடத்துச் சுவரில் இருக்கும் ஹுசைனின் நீண்ட ஓவியம் அப்படி வந்தது. சிமென்ட், கம்பி, படம்.

இன்னொரு தலைப்பும் இருக்கிறது: சொத்து. 2019 மார்ச்சில் வைர வியாபாரி நீரவ் மோடியின் வரிப் பாக்கிக்காக வருமானவரித் துறை இதே மும்பையில் 68 படங்களை ஏலத்துக்கு விட்டது. அவை ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தவை. ஒரு கெய்தொண்டே 25 கோடியைத் தாண்டியது. சென்னை மாகாண கவர்னரைத் திருவிதாங்கூர் மகாராஜா வரவேற்கும் ரவி வர்மா படம் 16 கோடியைத் தாண்டியது. இங்கே அண்ணாச்சி சொன்ன ‘வர்றவன்’ கிடையாது. வரப்போகிற விலைதான் உண்டு. இதைக் கலைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுவரில் மாட்டிய லாக்கர்.

வாங்குவது சுலபம். வைத்திருப்பதுதான் பாடு. விளம்பரமாக வாங்கிய பொருளை, விளம்பரம் தேவைப்படாதபோது யார் கவனிப்பது? நாலாயிரம் உருப்படிகள் வரை சேர்ந்த ஏர் இந்தியா சேகரிப்பு, கம்பெனி நொடிக்க நொடிக்கத் தூசியேறியது. 1991-ல் ஜதின் தாஸிடம் வாங்கிய ஓர் ஓவியம் கம்பெனியை விட்டு வெளியே போயிருப்பது 2017-ல்தான் தெரியவந்தது. அதுவும் அந்தப் படம் விற்பனைக்கு வந்த செய்தி ஓவியர் காதுக்கு எட்டியதால். எங்கள் ஆபீஸ் படகுப் படத்தின் கதையும் இதுதான். ரிப்பேர் வேலையின்போது ரெக்கார்டு ரூமுக்குப் போனது. அண்ணாச்சி ரிடையரானார். பிறகு அது எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நான் உள்பட. புத்தகத்தில் அதன் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம்தானே.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா மறுபடி டாடா கைக்குப் போனது. விமானங்கள், வழித்தடங்கள், பெயர், மகாராஜா பொம்மை எல்லாம் கணக்கில் ஏறின. நரிமன் பாயின்ட் கட்டடத்தை மகாராஷ்டிர அரசு 1,601 கோடிக்குப் பேசி முடித்தது. படங்களையும் வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லாத சொத்து என்று தனியே ஒதுக்கிவைத்து, 2023-ல் தேசிய நவீன கலைக்கூடத்திடம் ஒப்படைத்தார்கள். மகாராஜா பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவர் வீட்டுத் தலைவர் 525 ரூபாயில் சேர்க்க ஆரம்பித்த படங்கள் கூடப் போகவில்லை.