குளத்தில் விடலாமா, குட்டி ஆமையை?

தில்லிப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் என்பதால், நம் சங்கத்துக் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், குழந்தைக்கு வாங்கிய ஆமை பெரிதாகிவிட்டது. யமுனையிலோ கோயில் குளத்திலோ விட்டால் புண்ணியம்தானே?"

புண்ணியம் அல்ல. அங்கே ஏற்கெனவே வாழும் நம் நாட்டு ஆமைகளுக்கு அது கேடு.

வண்ணமீன் கடைகளில் விற்கும் அந்தப் பச்சைக் குட்டி, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த செங்காது ஆமை. கடைக்காரர்கள் 'ரெட் இயர்ட் ஸ்லைடர்' என்பார்கள். வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தால் ஓடு ஓர் அடி வரை நீளும். 20, 30 ஆண்டுகள் வாழும். செடி, மீன், நத்தை என்று எதையும் தின்னும். வெயில் காயும் கல்லையும் கட்டையையும் பிடித்துக்கொண்டு உள்ளூர் ஆமைகளை ஒதுக்கிவிடும். கவுகாத்தியில் உக்ரதாரா கோயில் குளத்திலேயே 2018இல் இது காணப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியை 1997இலேயே தடை செய்தது.

அப்படியானால் குளத்தில் கண்டவுடன் பிடித்துக் கொன்றுவிடலாமா? கூடவே கூடாது. கங்கை, யமுனைப் படுகையில் வாழும் நம் கூரை ஆமைக்கும் கண்ணுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறப் பிறை உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

வேறுபாட்டை இப்படி அறியலாம். கூரை ஆமையின் ஓடு ஓட்டு வீட்டுக் கூரைபோல நடுவில் உயர்ந்து, ஒரு முள்போல முனைந்திருக்கும். செங்காது ஆமையின் ஓடு தாழ்ந்த வளைவாக இருக்கும். கண்ணை அடுத்து அகன்ற சிவப்புப் பட்டை தெரியும். ஆனால் வயதான ஆமைகளில் அந்தப் பட்டை மங்கிவிடும். எனவே நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

சந்தேகமான ஆமையைக் கண்டால் தொடாமல், தலை பக்கவாட்டில் தெரிய ஒரு படமும், ஓடு முழுவதும் தெரிய ஒரு படமும் எடுங்கள். இடம், தேதியைக் குறித்து மாநில வனத்துறைக்கு அனுப்புங்கள். எந்த இனம் என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

வீட்டில் ஏற்கெனவே இருந்தால் கடைசிவரை வளருங்கள். முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். தொட்ட பின் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். இவற்றால் சால்மொனெல்லா கிருமி பரவும். இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: பிள்ளை எவ்வளவு அடம் பிடித்தாலும் வாங்காதீர்கள்.