கொல்கத்தாவை நிறுவியது யார்? தெருப் பெயர்கள் சொல்லும் சாட்சியம்

கொல்கத்தா: கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் 1690 ஆகஸ்ட் 24-ல் சுதாநுதியில் வந்திறங்கினார், அந்நாளே கொல்கத்தாவின் பிறந்த நாள். பல தலைமுறை மாணவர்கள் படித்த இப்பாடத்தை 2003 மே மாதம் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

சபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தினரின் அமைப்பு தொடர்ந்த பொதுநல வழக்கில், வரலாற்று அறிஞர் ஐவர் குழுவின் அறிக்கை அடிப்படையில் வந்த தீர்ப்பு அது. சார்னாக்கை நகரின் நிறுவனராகக் கருத இயலாது. ஆகஸ்ட் 24-ஐப் பிறந்த நாளாக ஏற்கவும் இயலாது என்பது அதன் சாரம்.

சுதாநுதி, கலிகாதா, கோவிந்தபூர் ஆகிய மூன்று கிராமங்களின் உரிமையை, இக்குடும்பத்தின் முன்னோரிடமிருந்து கம்பெனி ரூ. 1,300-க்குப் பெற்றது 1698-ல்தான். அப்போது சார்னாக் உயிருடன் இல்லை. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, அக்பர் கால நூலான அயினி அக்பரியில் கலிகாதாவின் பெயர் பதிவாகியுள்ளது.

மறைந்த கிராமம்: மார்க் வுட் 1784-85-ல் அளந்து தயாரித்த வரைபடத்தையும், அப்ஜானின் 1792-93 வரைபடத்தையும் இன்றைய நகருடன் ஒப்பிட்டால் பல செய்திகள் புலப்படும். பிளாசிப் போருக்குப் பின் புதிய வில்லியம் கோட்டைக்காகக் கோவிந்தபூர் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். அக்கிராமம் இருந்த நிலம் இன்று கோட்டையும் மைதானமுமாக உள்ளது. மராத்தியர் படையெடுப்புக்கு அஞ்சி 1742-ல் வெட்டப்பட்ட அகழி, 1799-ல் தூர்க்கப்பட்டு வட்டச் சாலையாயிற்று. ஜெகதீச சந்திர போஸ் சாலையும் பிரபுல்ல சந்திர ராய் சாலையும் அதன் தடத்திலேயே செல்கின்றன.

வரைபடத்தில் இல்லாததைப் பெயர்கள் கூறுகின்றன. சுதாநுதி என்பது நூல் கண்டுச் சந்தையைக் குறிக்கும். குமார்துலி குயவர்களையும், சங்காரிதோலா சங்கு அறுப்போரையும், தர்ஜிபாரா தையற்காரர்களையும் நினைவூட்டுகின்றன. நம் வண்ணாரப்பேட்டையைப் போன்றவை இவை.

பெயர் மாற்றம்: கசாய்தோலாவை ஆங்கிலேயர் பென்டிங்க் தெருவாக்கினர். காளிகட்டத்துக்கு யாத்ரிகர்கள் நடந்த பழைய சித்பூர் சாலை, சுதந்திரத்துக்குப் பின் ரவீந்திர சரணியாயிற்று. நோக்கம் எதுவாயினும், ஒவ்வொரு மாற்றத்திலும் ஓர் ஆவணம் அழிகிறது.

இப்பெயர்களின் வரலாற்றைத் தொகுத்தவர் ஒரு தென்னாட்டவர். 1955-ல் வேலை தேடி கொல்கத்தா வந்த கேரளத்தின் பி.தங்கப்பன் நாயர், நகரின் தெருக்களைப் பற்றிய பெருநூலை 1987-ல் வெளியிட்டார். சார்னாக்கை நிறுவனர் என்றே குறிப்பிட்டு 1977-ல் நூல் வெளியிட்டவரும் அவரே. 2018-ல் கேரளம் திரும்பிய அவர், 2024 ஜூனில் காலமானார். அவர் திரட்டிய சான்றுகள் இன்று இரு தரப்புக்கும் பயன்படுகின்றன.

புகைப்படங்களின் நிலை வேறு. 1850-களின் தொடக்கத்தில் பிரெடரிக் ஃபீபிக் எடுத்து வண்ணம் தீட்டிய கொல்கத்தா படங்களின் தொகுப்பு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. நகரின் முகத்தைக் காண, நகரத்தார் கடல் கடந்த காப்பகத்தை நாட வேண்டியுள்ளது.

இக்கேள்வி தமிழர்களுக்கும் புதிதல்ல. சென்னைக்கு 1639 ஆகஸ்ட் 22-ஐப் பிறந்த நாளாகக் கொண்டாடும்போது, அதனினும் பன்னூற்றாண்டு மூத்த மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் எந்தக் கணக்கில் சேரும் என்ற வினா எழுகிறது. கொல்கத்தாவில் அவ்வினா நீதிமன்றம் வரை சென்றது.