கில்ட் உடையும் தோற்பையும்: ஸ்பாரன் தேர்ந்தெடுக்கும் முறை

ஸ்காட்லாந்து தேசத்து ஆடவர் அணியும் கில்ட் என்னும் உடையைப் படங்களிலேனும் கண்டிராத அங்கத்தினர் சிலரே இருப்பர். இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொங்கும் அக்கம்பளி ஆடையின் முன்புறத்தே தோலினால் ஆன சிறு பை ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கு ஸ்பாரன் என்று பெயர். அந்நாட்டு மலைவாசிகளின் கெய்லிக் மொழியில் அச்சொல்லுக்குப் பணப்பை என்பதே பொருள். அதனை வெறும் அலங்காரம் என்று கருதுவோர் உண்டு; ஆனால் அது தேவையினால் பிறந்த பொருளாகும். கில்ட்டில் பை வைத்துத் தைக்கும் வழக்கம் இல்லை. காசும் சாவியும் வைத்துக்கொள்ள வேறு இடம் கிடையாது. நம்மவர் வேட்டி மடியில் முடிந்துகொள்வதை அவர்கள் தோற்பையில் இட்டுக்கொள்கின்றனர், அவ்வளவுதான்.

ஆதியில் இப்பை மான் தோலாலோ கன்றுத் தோலாலோ ஆன எளிய சுருக்குப்பையாகவே இருந்தது. வாயைச் சுருக்கிக் கட்டும் வார்களின் நுனிகளே பிற்காலத்தில் குஞ்சங்களாயின. பின்னர்ப் பித்தளை வாய்ப்பூட்டுக்கள் வந்தன. 1746-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, ராணுவத்தினர் நீங்கலாக மற்ற ஆடவர் இவ்வுடையை அணியலாகாது என்று சட்டம் செய்தது. மீறுவோர்க்கு முதன்முறை 6 மாதச் சிறைவாசம். மறுமுறை 7 ஆண்டு நாடு கடத்தல். 1782-இல் அச்சட்டம் நீக்கப்படும்வரை கில்ட் படைப்பிரிவுகளில் தங்கி உயிர் பிழைத்தது. குதிரைமயிரும் ஆட்டுமயிரும் நீளமாகத் தொங்கும் பெரிய ஸ்பாரன்கள் அப்படைகளில் வளர்ந்தவையே. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு விஜயம் செய்தபோது, ஸர் வால்ட்டர் ஸ்காட் செய்த ஏற்பாட்டினால் இவ்வுடை பெருமக்களின் விழா உடையாக மாறிற்று. இன்று ஸ்காட்லாந்தில் விவாகங்களிலும் விருந்துகளிலும் இதனைப் பெருவாரியாகக் காணலாம்.

இனித் தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். பையைப் பற்றிப் பேசுமுன் துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் நல்ல பைக்கு முதல் இலட்சணம் அது துணியைக் கெடுக்காமை ஆகும். முறைப்படி தைத்த கில்ட் ஒன்றுக்கு ஒற்றை அகலத்தில் 8 கெஜம் கம்பளித் துணி செல்லும். பாவிலும் ஊடையிலும் ஒரே வண்ண வரிசை திரும்பத் திரும்ப வர, டார்டன் என்னும் கட்டம் உண்டாகிறது. ட்வில் நெசவில் நெய்யப்பட்ட கனத்த துணி அது. பின்புறத்துக் கொசுவங்கள் கையினால் தைக்கப்படுவன. இவ்வளவு உழைப்பும் கிரயமும் அடங்கிய ஆடையின் முன்பட்டையில், அணிந்திருக்கும் நேரம் முழுவதும் ஒரே இடத்தில் உராய்ந்துகொண்டிருப்பது இப்பையே. சில வருஷங்களில் அவ்விடத்துக் கம்பளி ரோமம் தேய்ந்து வழுக்கையாவதுண்டு.

ஆகையால் கடையில் பையைக் கையில் எடுத்தவுடன் முகப்பைப் பார்ப்பதற்கு முன்பாக முதுகைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். முதுகுத் தோல் ஒரே வழவழப்பாக இருக்க வேண்டும். ஆணித் தலைகள், வளைய முனைகள், கரடான தையல் முடிச்சுக்கள் ஆகியவை வெளியே நீட்டிக்கொண்டிருப்பின் அந்தப் பையை வைத்துவிடலாம். அடுத்து, வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு ஒன்றைச் சிறிது நனைத்து முதுகுத் தோலின்மீது அழுந்தத் தேய்த்துப் பார்ப்பது நலம். சாயம் துணியில் ஏறினால், மழையில் நனைந்த ஒரு நாளில் அதே சாயம் கில்ட்டிலும் ஏறும். நூற்சாயம் கெட்டியா என்று நம் நெசவாளர் பார்க்கும் அதே சோதனை இது. கடைக்காரர் இதற்கு ஆட்சேபம் சொன்னால் அதுவே போதிய விடையாகும்.

தோலின் தரம் அறிவது இதைவிடச் சற்றுக் கடினம். கனத்த மாட்டுத்தோலை இரண்டு ஏடுகளாகப் பிளப்பதுண்டு. ரோமம் இருந்த மேல் ஏட்டில் நார்கள் நெருங்கிப் பின்னியிருக்கும், அதுவே பலமுள்ளது. அடி ஏடு தளர்ச்சியானது. அடி ஏட்டின்மீது வர்ணமும் பிளாஸ்டிக் பூச்சும் ஏற்றி, மேல் தோலைப் போன்ற மயிர்த்துளை அச்சினைப் பதித்து விற்பதும் உண்டு. அதுவும் தோல்தான், விற்பவர் பொய் சொன்னவர் ஆகமாட்டார். எனினும் மூடியை நூறு தடவை மடக்கித் திறந்தபின் மடிப்பில் பூச்சு வெடித்து உரியும். வெட்டு விளிம்பினை உற்றுப் பார்த்தால் வேற்றுமை புலனாகும். நல்ல தோலில் நார் மேல்வரை ஒரே சீராகச் செல்லும். பூச்சுத் தோலில் மேலே தனி ஏடொன்று ஒட்டியிருப்பது தெரியும். விரலால் மடக்கினால் நல்ல தோலில் நுண்ணிய சுருக்கங்கள் தோன்றிப் பின் மறையும்.

பதனிடும் முறையும் கவனிக்கத்தக்கது. மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடுவது தொன்றுதொட்ட முறை. பிரிட்டனில் ஓக் மரப்பட்டை அதற்கு உதவிற்று. குரோம் உப்பினால் விரைவிற் பதனிடுவது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய முறை. குரோம் தோல் மென்மையானது, தண்ணீரைத் தாங்குவது. பட்டைத் தோல் விறைப்பானது, வடிவம் குலையாதது. அதனை ஈரப்படுத்தி அச்சினால் அழுத்தினால், ஸ்பாரன் முகப்பில் காணப்படும் பின்னல் கோலங்கள் ஆழமாகப் பதிந்து நிலைத்து நிற்கும். சாயம் உள்வரை ஏறாத இடத்தில் பட்டைத் தோலின் வெட்டு விளிம்பு பழுப்பாகவும், குரோம் தோலினது நீலச் சாம்பல் நிறமாகவும் இருக்கும். ஸ்பாரனுக்குப் பட்டைத் தோலே ஏற்றது என்பது எமது கருத்து. இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு சென்னை ராஜதானியில் பதனிட்ட தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரால் பிரிட்டனுக்குப் பெருவாரியாக ஏற்றுமதியாயிற்று. மானாவாரிக் காட்டில் பயிரிடாமலே வளர்ந்த ஆவாரஞ்செடி, சீமைச் செருப்புக்கும் பைக்கும் உழைத்த காலம் அது.

தையலைப் பொறுத்தவரை கைத்தையலும் யந்திரத் தையலும் ஒன்றல்ல. கைத்தொழிலாளி மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் செலுத்துகிறார். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்து நிற்கும். யந்திரத் தையலில் மேல் நூலும் அடி நூலும் கொக்கி போல் பின்னிக்கொள்வதால், ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையலும் நாளடைவில் தளரும். பக்கவாட்டு மடிப்பும் பின்தோலும் சேரும் இடத்தில்தான் பளு முழுவதும் விழுகிறது. அங்கே தையல் நெருக்கமாயும் நேராயும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எச்சமயத்துக்கு எந்த ஸ்பாரன் என்பதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பகல் வேளைக்கு ரோமமின்றி முழுவதும் தோலால் ஆனது. மாலை விருந்துக்கு ரோம முகப்பும் உலோக வாய்ப்பூட்டும் உடையது. இடைப்பட்ட சமயங்களுக்கு ரோம முகப்பின்மேல் தோல் மூடி கொண்டது. நீண்ட குதிரைமயிர் வகை வாத்தியக் குழுவினர்க்கு உரியது. கல்யாணத்துக்கு வருபவர் அதனை அணிந்தால் பாண்டு வாசிக்க வந்தவரென எண்ணப்படுவார். ஒன்றே ஒன்று வாங்க வசதியுள்ளவர் சாதாரணத் தோல் ஸ்பாரனையே வாங்கலாம். அதனைப் பகலிலும் இரவிலும் அணிந்தால் குறை சொல்வார் இல்லை. பையின் நிறம் இடுப்பு வாரின் நிறத்தோடும் காலணியின் நிறத்தோடும் ஒத்திருத்தல் மரபு.

பையைத் தாங்கும் பட்டை விஷயத்தில் பலர் ஏமாறுகின்றனர். பளபளக்கும் சங்கிலியை விரும்பி வாங்குகின்றனர். அச்சங்கிலி பின்புறத்துக் கொசுவங்களின் மேல் கிடந்து அரம்போல் அராவுகிறது. விருந்துக்கு இரண்டொரு மணி நேரம் அணிவதாயின் பாதகமில்லை. தினம் அணிவோர்க்குத் தோல் வாரே உகந்தது. சங்கிலியே வேண்டுமெனின், இடுப்புக்குப் பின்னே வரும் பகுதி தோலாக அமைந்ததைத் தேடுதல் வேண்டும். இடுப்பு வாரின் பக்கிளுக்கு நான்கு விரற்கடை கீழே பையின் மேல் விளிம்பு நிற்குமாறு இறுக்கினால் அளவு சரி. மிகத் தாழ்ந்தால் நடக்கும்போது தொடையில் மோதும். நடனமாடும்போதும் வாகனம் ஓட்டும்போதும் அதனை இடுப்பின் பக்கமாகத் தள்ளிக்கொள்வது அந்நாட்டார் வழக்கம்.

இது எங்கே செய்யப்பட்டது என்பதையும் கேட்டறிதல் அவசியம். ஸ்காட்லாந்துக் கடைகளில் விற்கப்படும் ஸ்பாரன்கள் யாவும் ஸ்காட்லாந்தில் செய்தவை அல்ல. பாகிஸ்தானத்துச் சியால்கோட் நகரத்துத் தொழிலாளர் செய்தவை ஏராளமாக விற்பனையாகின்றன. அந்நகரத்துத் தோல் வேலை தாழ்ந்தது என்று சொல்வது நியாயமாகாது. மலிவான தோலைக் கொடுத்து மலிவாகச் செய்யச் சொல்பவர் வியாபாரியே. ஆயினும் உள்ளூர்க் கைவேலைக்குரிய விலையை வெளியூர்ச் சரக்குக்குக் கொடுப்பதில் இருவருக்கும் நஷ்டம்: வாங்குபவர்க்கும், உள்ளூர்த் தொழிலாளிக்கும். ‘ஸ்காட்டிஷ் பாணி’ என்ற சொல்லுக்கு ஸ்காட்லாந்தில் செய்தது என்று பொருள் இல்லை. அதே நாட்டில் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணிக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வெளி ஹெப்ரடீஸ் தீவுகளில் சாயமிட்டு நூற்ற கம்பளியை, தீவுவாசிகள் தம் வீடுகளில் கையால் நெய்து, அத்தீவுகளிலேயே முடித்ததுதான் அப்பெயர் பெறலாம் என 1993-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. ஸ்பாரனுக்கு அத்தகைய தனிச் சட்டம் இல்லாமையால், செய்தவர் யார், ஊர் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குவதே வாங்குபவர்க்குக் காப்பு.

ரோம முகப்புள்ள பழைய பைகளை இரண்டாங்கையில் வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. முன்னாளில் கடல்நாய்த் தோல் பெரிதும் கையாளப்பட்டது. 2009-ஆம் ஆண்டில் ஐரோப்பிய யூனியன் கடல்நாய்ப் பொருள்களின் வியாபாரத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. நீர்நாய் முதலிய பாதுகாக்கப்பட்ட பிராணிகளின் தோலாயின் வேறு விதிகளும் உண்டு. எப்பிராணியின் தோல் என்று தெரியாத பையை எல்லை கடந்து எடுத்துச் செல்வது உசிதமன்று. முயல் தோலோ மாட்டு ரோமத் தோலோ ஆயின் இத்தொல்லை இல்லை.

வாங்கியபின் செய்ய வேண்டுவன சிலவே. நனைந்தால் உள்ளே காகிதம் அடைத்து நிழலில் உலர்த்த வேண்டும்; அடுப்பருகே வைத்தால் பட்டைத் தோல் சுருங்கி வெடிக்கும். முகப்புக்கு மெழுகு பூசலாம். முதுகுப்புறத்துக்கு வர்ணப் பாலிஷ் ஒருபோதும் இடலாகாது. அது நேரே கில்ட்டுக்குப் போய்ச் சேரும். கனத்த சாவிக்கொத்தை உள்ளே போட்டு வைத்தால் பை முன்னே சாய்ந்து அடிவிளிம்பு துணியைத் தேய்க்கும். கழற்றியபின் ஆணியில் மாட்டாமல், வாரைச் சுருட்டிப் பருத்தித் துணிப்பையில் இட்டு, கில்ட்டிலிருந்து தனியே வைத்தல் நன்று.