ஆடிக் கோடையும் பட்டி மாடும்

கச்சான் காற்று எழும்பிவிட்டால் புல் வளர்வது நின்றுவிடும். மட்டக்களப்பிலும் வன்னியிலும் பட்டி வைத்திருக்கும் எவருக்கும் இது புதிய செய்தியன்று. வைகாசிப் பிற்பகுதி முதல் புரட்டாதி வரை, ஏறத்தாழ நான்கு மாதங்கள், தரவையில் எஞ்சி நிற்பதைத்தான் மாடு மேய வேண்டும். ஆனால் பட்டியில் எத்தனை மாடு நிற்க வேண்டும் என்பதை நாம் புல்லைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. மழை வந்தால் எல்லாம் தேறிவிடும் என்று விட்டுவிடுகிறோம். ஆவணியில் வைத்தியச் செலவோ பள்ளிச் செலவோ வரும்போது, எலும்பும் தோலுமாய் நிற்கும் நாம்பனை யாவாரி கேட்ட விலைக்கு அவிழ்த்துக் கொடுக்கிறோம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த நட்டம் இரட்டிப்பானது. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியோரும், 2009 வரை வன்னியில் ஊர் ஊராக ஓடியோரும் மாடுகளைக் கட்டவிழ்த்து விட்டே போனார்கள். குறிசுட்ட மாடுகள் கட்டாக்காலிகளாகித் திரிந்தன. பின்னர் ஒரு பசு, இரண்டு பசு என்று மீண்டும் தொடங்கியவர்களுக்கு அந்தப் பட்டிதான் வங்கிப் புத்தகம். மேய்ச்சல் நிலமோ சொந்தமில்லை. வீதியோரம், குளக்கட்டு, பிறர் வயல் என்று அலைய வேண்டும். பரம்பரையாக மேய்த்த நிலம்கூட நிச்சயமில்லை என்பதற்கு மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணை சான்று. அங்கு மேய்ச்சல் தரை பறிபோகிறது என்று பண்ணையாளர்கள் 2023இல் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள்.

ஆகவே வைகாசியிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிலோ எடையுள்ள நாட்டு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ காய்ந்த தீவனம் தின்னும். எட்டு மாட்டுக்கு 40 கிலோ. 120 நாளுக்கு 4,800 கிலோ. பாதியை மேய்ச்சலில் தேடிக்கொண்டாலும் 2,400 கிலோ நாம் போட வேண்டும். ஐந்து மாடு என்றால் 1,500 கிலோ போதும். ஓர் ஏக்கர் வயல் நன்றாக விளைந்தால் ஏறத்தாழ அவ்வளவு வைக்கோல் கிடைக்கும். எட்டும் சேர்ந்து மெலிவதா, ஐந்து மாடு நன்றாக நிற்பதா என்பதுதான் கேள்வி.

மாட்டை இறைச்சிக்கு விற்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேச நம்மிற் பலர் விரும்புவதில்லை. ஆனால் வளர்ந்த நாம்பன்களும் நலமடித்த மாடுகளும் கடைசியில் அங்குதான் போகின்றன. போகிற மாடு சதை இருக்கும்போதே போகட்டும். கன்று ஈனும் பசுவையும் நல்ல கிடாரியையும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஆனி பிறக்குமுன் விற்பதே இலாபம். கொண்டுசெல்வதற்கான அனுமதிப் பத்திரம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாவாரி கண்மதிப்பில் விலை சொல்வார். நம்மிடம் தையற்காரரின் அளவுநாடா இருக்கிறது. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். பின்னர் தோள்முனையிலிருந்து பின்புறத்து இருப்பெலும்பு முனைவரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, அதை நீளத்தாற் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோ எடை கிடைக்கும். சுற்றளவு 140 சென்ரிமீற்றரும் நீளம் 115 சென்ரிமீற்றரும் என்றால் ஏறக்குறைய 208 கிலோ. தராசு போலத் துல்லியமில்லை. ஆனால் பேரம் பேசும்போது நாவுக்குப் பலம் தரும்.

நிற்கும் மாட்டுக்கு என்ன போடுவது? காலபோக அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கோலைக் கொளுத்துவதைப் பார்க்கும்போது வயிறெரிகிறது. மாசியில் எரித்ததை ஆடியில் காசு கொடுத்து வாங்குகிறோம். அதிலும் வெறும் வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பைக் காக்காது. அதில் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுதான். ஏழு பங்குக்குக் கீழே போனால் மாட்டின் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சரிவர வேலை செய்யமாட்டா. தின்றுகொண்டே மெலிவது இதனால்தான்.

யூரியா சேர்த்துப் பதப்படுத்தினால் நிலைமை மாறும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்து, படை படையாகத் தெளித்து மிதித்து, பொலித்தீன் விரிப்பாற் காற்றுப் புகாமல் மூடி இரண்டு மூன்று கிழமை வைக்க வேண்டும். எடுத்தபின் சில மணி நேரம் காற்றாட விட்டு, முதல் நாட்களில் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். கரைத்த யூரியா நீரை மாடு குடித்தால் செத்துப்போகும். வாளியை உடனே கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

யூரியா வாங்க வசதியில்லாதவர்கள் குழையை நம்பலாம். கிளிறிசீடியா, இப்பில்-இப்பில், பூவரசு, வாகை எல்லாம் கோடையிலும் பச்சையாய் நிற்பவை. ஒரு மாட்டுக்கு நாளுக்கு இரண்டு மூன்று கிலோ பச்சைக் குழை சேர்த்தாலே வைக்கோலைக் கூடுதலாகத் தின்னும். வேலியில் கிளிறிசீடியாத் தடி ஊன்ற நிலம் சொந்தமாயிருக்க வேண்டியதில்லை. குடியிருக்கும் காணிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆடி, ஆவணியில் பனைவளவுகளிற் பழம் விழும். மாடு பனங்காய் சூப்புவதைப் பார்த்தவர்களுக்கு அதன் ருசி மாட்டுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குளத்து நீர் வற்ற வற்ற அலைகரையில் இளம்புல் முளைக்கும். கோடையின் நல்ல மேய்ச்சல் அதுதான். ஒரே இடத்தில் நாள்தோறும் விட்டு வேரோடு கரம்ப விடாமல், நான்கு விரல் உயரம் மிஞ்சும்போதே இடம் மாற்றினால் மறுபடி தளிர்க்கும். மாடு வெயிலில் மேயாது, நிழலில் நின்று அசைபோடும். விடியற்காலையும் அந்தியுமே மேய்ச்சல் நேரம். ஆகவே பட்டியை ஒன்பது மணிக்குத் திறக்கும் வழக்கத்தை வெயில் காலத்திலாவது மாற்றி, விடியுமுன் பால் கறந்துவிட்டு மாட்டை விடுங்கள். நாளுக்கு 30 லீற்றர் அளவுக்காவது நீர் வேண்டும். நீருக்காக நெடுந்தூரம் நடக்கும் மாடு தின்றதை நடையிலேயே செலவழித்துவிடும்.

கோடை மெலிவு கோடையோடு போவதில்லை. 2022 டிசெம்பரில் குளிர்காற்று வீசியபோது வடக்கிலும் கிழக்கிலும் ஏராளமான மாடுகள் ஒரே இரவில் விழுந்து செத்தன. குளிரைத் தாங்க மாட்டுக்கு உடம்பிற் கொழுப்பு வேண்டும். வெளியில் நின்ற மெலிந்த மாட்டிடம் அது இருப்பதில்லை. மாரி தொடங்கும்போது தொண்டை அடைப்பானும் நலிந்த மாட்டிலேயே முதலில் விழும். அதற்குரிய தடுப்பூசியை மழைக்கு முன்பே போட வேண்டும். ஆவணியிலேயே உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்திற் சொல்லிவைத்து, ஊசி போட வரும் நாளைக் கேட்டுக்கொண்டு, அன்று மாட்டை மேய்ச்சலுக்கு விடாமற் பட்டியிலேயே வைத்திருங்கள்.