முகவர் தரும் முற்பணம்

2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அரிசியும் பால்மாவும் கைக்கெட்டாத விலைக்கு ஏறியபோது அடுப்பெரிக்க வழி தேடியவர்கள் பெண்கள். ஏற்கெனவே நுண்கடன் வாங்கிக் கிழமைக்குக் கிழமை தவணை கட்டியவர்கள் அவர்களில் பலர். வளைகுடாவில் வீட்டுப் பணிப்பெண் வேலைதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த வழி.

அந்த ஜூனில் அமைச்சரவை, பணிப்பெண்ணாகச் செல்வதற்கான குறைந்தபட்ச வயதை 21 ஆகக் குறைத்தது. சவூதிக்கு அதுவரை 25. அந்த வரம்புக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக், கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிக் காட்டி 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்ட சிறுமி. 2013 ஜனவரியில் அங்கே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாட்டின் டாலர் தட்டுப்பாட்டுக்காக இந்தப் பாதுகாப்பைத் தளர்த்தியது தவறு.

ஆபத்து ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. பல முகவர்கள் பெண்ணிடம் பணம் கேட்பதில்லை. குடும்பத்தின் கையில் முற்பணம் கொடுக்கிறார்கள். கடனில் தவிக்கும் வீட்டுக்கு அது பெரிய உதவியாகத் தெரியும். அடி தாங்காமலோ சம்பளம் வராமலோ அவள் திரும்ப நினைத்தால், அதே பணத்தைக் காட்டி மிரட்டுவார்கள்.

அடுத்தது விசிட் விசா. அதில் போய் வேலை செய்தால் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை. இப்படி ஓமானுக்கு அனுப்பப்பட்ட பெண்களின் அவலம் 2022 நவம்பரில் வெளிவந்தது. தூதரக அதிகாரி ஒருவரும் கைதானார்.

புறப்படும் முன் முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டறிய வேண்டும். தொலைபேசி எண் 1989. ஒப்பந்தத்தின் பிரதியும் எசமானரின் பெயர், முகவரியும் வீட்டில் இருக்கட்டும்.

போன இடத்தில் துன்பம் நேர்ந்தால் வேறொரு வீட்டுக்கு ஓடுவது ஆபத்து. வளைகுடா நாடுகள் பலவற்றில் வதிவிட அனுமதி எசமானரோடு பிணைந்தது. ஓடிப்போனதாக அவரே முறைப்பாடு செய்யலாம். நேரே தூதரகத்துக்குப் போவதே நல்லது. பதிவில்லாமல் போனவர்களும் தயங்க வேண்டியதில்லை: ஏமாற்றி அனுப்பியது ஆட்கடத்தல் என்றால், இலங்கைத் தண்டனைச் சட்டத்தின்படி அது குற்றம். போன பெண் வாய் திறக்க முடியாத நிலையில் அவளது தாயோ கணவரோ முறைப்பாடு கொடுக்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் அதற்கான வழியைக் கேட்கலாம்.